பறக்கும் மோட்டார் எங்கே இறங்க வேண்டும்?

மண் மேட்டில் ஏறிய மோட்டார் சைக்கிள் அந்தரத்தில் பறக்கிறது. தரையைத் தொட இன்னும் ஒரு நொடிகூட இல்லை. இடப்பக்கப் பொத்தானை அழுத்தினால் மோட்டாரின் முன்பக்கம் மேலே எழும்பும். வலப்பக்கப் பொத்தானை அழுத்தினால் முன்பக்கம் கீழே சாயும். எதை அழுத்துவீர்கள்?

சரியானதை அழுத்தினால் மோட்டார் சரிவில் வழுக்கியதுபோல் இறங்கி, வேகம் குறையாமல் ஓடும். தவறானதை அழுத்தினால் ஓட்டுநர் குட்டிக்கரணம் போட்டுப் பாதையோரத்தில் விழுவார். பிறகு எழுந்து, மோட்டாரை நோக்கி ஓடிவந்து, ஒன்றும் நடக்காததுபோல் ஏறி அமர்வார்.

இது ‘எக்சைட்பைக்’ என்னும் மோட்டோகிராஸ் பந்தய விளையாட்டு. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1984-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஃபேமிகாம் என்னும் வீட்டு விளையாட்டுக் கருவிக்காக இதை வெளியிட்டது. வடிவமைத்தவர் ஷிகெரு மியாமோட்டோ. அடுத்த ஆண்டு ‘சூப்பர் மாரியோ’வை உலகுக்குத் தந்தவரும் அவர்தான். 25 ஆண்டுகள் கழித்து, 2009-ஆம் ஆண்டு நவம்பரில், அதே விளையாட்டு ‘எக்சைட்பைக்: வேர்ல்ட் ராலி’ என்ற பெயரில் வீ கருவிக்காகப் புதுப்பொலிவுடன் வந்தது.

மாணவர்களே, இந்த விளையாட்டை இயற்பியல் கண்ணோடு பார்த்தால் ஒரு நல்ல கேள்வி எழுகிறது. திரையில் நடப்பதில் எது உண்மை? எது கற்பனை? விடை தெரிந்தால் விளையாட்டில் வெல்லலாம் என்பது மட்டுமல்ல. ஓர் உயிரையும் காக்கலாம்.

‘ஸ்கிராம்ப்ளர்’ பெயர் வந்த கதை

மோட்டோகிராஸ் என்பது தார்ச்சாலையில் நடக்கும் பந்தயம் அன்று. மேடும் பள்ளமும் சேறும் நிறைந்த மண் பாதையில் நடப்பது. 1924-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இங்கிலாந்தின் கேம்பர்லி என்னும் ஊரில் இத்தகைய போட்டி ஒன்று நடந்தது. அதை அன்று ‘ஸ்கிராம்பிள்’ என்று அழைத்தார்கள். நம் நாட்டில் இத்தகைய உயரமான மோட்டாரை இன்றும் ‘ஸ்கிராம்ப்ளர்’ என்கிறோம் அல்லவா? அந்தப் பெயர் இந்தப் பழைய பந்தயத்தின் வழி வந்ததுதான்.

பின்னர் ஐரோப்பாவில் இந்த விளையாட்டு பரவியபோது மோட்டோகிராஸ் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

வட்டு இல்லாத விளையாட்டு

1984-இல் வந்த எக்சைட்பைக் ஒரு சிறிய அட்டைப்பேழைக்குள் அடங்கியிருந்தது. அதன் அளவு 40 கிலோபைட்டைத் தாண்டவில்லை. 2009-இல் வந்த வேர்ல்ட் ராலிக்குப் பேழையும் இல்லை, வட்டும் இல்லை. இணையம் வழியாகப் பணம் கட்டி, கருவிக்குள் பதிவிறக்கம் செய்துகொள்ள வேண்டும். இப்படி விற்கப்பட்ட விளையாட்டுகளை நிண்டெண்டோ ‘வீவேர்’ என்று அழைத்தது. வீ கருவியின் உள் நினைவகம் வெறும் 512 மெகாபைட். ஆகவே ஒவ்வொரு வீவேர் விளையாட்டும் சுமார் 40 மெகாபைட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி.

இன்று உங்கள் கைப்பேசியில் ஒரு நிமிடம் காணொளி எடுத்தால் அது 40 மெகாபைட்டைத் தாண்டிவிடலாம். அவ்வளவு சிறிய இடத்தில் நீண்ட கதைக் காட்சிகளுக்கோ பிரமாண்டமான பின்னணிகளுக்கோ இடம் ஏது? மிஞ்சியவை மூன்றே: ஒரு மோட்டார், ஒரு மேடு, புவியீர்ப்பு. விளையாட்டின் சுவை முழுவதும் அந்த மூன்றிலிருந்துதான் வர வேண்டியிருந்தது.

கூட்டத் தெரிந்தால் போதும்

ஃபேமிகாம் கருவியின் செயலி நொடிக்குச் சுமார் 17 லட்சத்து 90 ஆயிரம் துடிப்புகளில் இயங்கியது. இன்றைய கைப்பேசிச் செயலிகள் நொடிக்கு நூறு கோடிகளில் துடிக்கின்றன. அதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. அந்தச் செயலிக்குப் பெருக்கல் கட்டளையே கிடையாது! கூட்டலும் கழித்தலும்தான் தெரியும். அப்படியானால் வளைந்து பறக்கும் மோட்டாரின் பாதையைக் கருவி எப்படிக் கணக்கிடும்?

புவியீர்ப்புக்குக் கூட்டலும் கழித்தலும் போதும் என்பதுதான் இங்கே அழகு. திரையில் படம் நொடிக்கு 60 முறை மாறுவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் கருவி இரண்டே வேலைகளைச் செய்தால் போதும்:

முதலாவது, மோட்டாரின் மேல்நோக்கிய வேகத்திலிருந்து ஒரு சிறு அளவைக் கழிப்பது. உண்மையான புவியீர்ப்பில் அந்த அளவு 9.8-ஐ 60-ஆல் வகுத்தால் கிடைப்பது. அதாவது நொடிக்கு 0.16 மீட்டர்.

இரண்டாவது, புதிய வேகத்துக்கு ஏற்ப மோட்டாரின் இடத்தைக் கொஞ்சம் நகர்த்துவது.

இதையே திரும்பத் திரும்பச் செய்தால் மோட்டார் தானாகவே வளைந்து ஏறி, உச்சியைத் தொட்டு, வளைந்து இறங்கும். பரவளையத்தின் சமன்பாட்டைக் கருவிக்குச் சொல்லித் தரவே தேவையில்லை. இன்றைய பந்தய விளையாட்டுகளும் இதே முறையைத்தான் இன்னும் நுணுக்கமாகச் செய்கின்றன.

காற்றில் சாய்க்க முடியுமா?

இப்போது முதல் சோதனைக்கு வருவோம். பறக்கும்போது மோட்டாரின் முன்பக்கத்தை ஏற்றவும் இறக்கவும் முடியும் என்கிறது விளையாட்டு. கால் ஊன்றத் தரை இல்லை; பிடித்துக்கொள்ளவும் எதுவும் இல்லை. அந்தரத்தில் எதைத் தள்ளி எதைச் சாய்ப்பது? இது கற்பனை என்றுதானே தோன்றுகிறது?

இல்லை, இது உண்மை! மோட்டோகிராஸ் ஓட்டுநர்கள் ஒவ்வொரு தாவலிலும் இதைச் செய்கிறார்கள். அவர்களுக்கு உதவுவது சுழலும் சக்கரம்.

‘மொமெண்டம்’ என்று நீங்கள் படிக்கும் உந்தத்துக்கு ஒரு விதி உண்டு. வெளியிலிருந்து விசை இல்லாதவரை மொத்த உந்தம் மாறாது. சுழற்சிக்கும் இதேபோன்ற விதி இருக்கிறது. அதைக் கோண உந்தம் மாறாமை என்பார்கள். மோட்டார் காற்றில் இருக்கும்போது தரை அதைத் தொடுவதில்லை. ஆகவே சக்கரத்தின் சுழற்சியும் மோட்டார் உடலின் சுழற்சியும் சேர்ந்த மொத்தம் ஏறக்குறைய மாறாமல் இருக்க வேண்டும்.

ஓட்டுநர் காற்றில் ஆக்சிலரேட்டரை முறுக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரம் முன்னைவிட வேகமாகச் சுழலும். அந்தக் கூடுதல் சுழற்சிக்கு ஈடுகட்ட, மோட்டாரின் உடல் எதிர்த் திசையில் திரும்ப வேண்டும். முன்பக்கம் மேலே எழும்புகிறது.

அவர் பின் பிரேக்கை அழுத்தினால் கதை தலைகீழ். சக்கரம் நின்றுவிடுகிறது. அதனிடம் இருந்த சுழற்சி எங்கும் மறைந்து போய்விடாது. மோட்டாரின் உடலுக்கு மாறுகிறது. சக்கரம் சுழன்ற அதே திசையில் மோட்டார் மெதுவாகத் திரும்புகிறது. முன்பக்கம் கீழே சாய்கிறது. அப்போது எஞ்சின் நின்றுவிடாமல் இருக்கக் கிளட்ச்சையும் பிடித்துக்கொள்வார்கள்.

சக்கரம் சிறியது, மோட்டாரும் ஓட்டுநரும் சேர்ந்தால் பெரிய எடை. அதனால் திருப்பம் மெதுவாகத்தான் நடக்கும். விளையாட்டில் பொத்தானை அழுத்தியவுடன் மோட்டார் துள்ளித் திரும்புவது மட்டும் மிகை. ஆனால் அடிப்படை சரி.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். காற்றில் சாய்க்கத்தான் முடியும். போகும் பாதையை மாற்ற முடியாது. மேட்டை விட்ட அந்தக் கணத்தில் இருந்த வேகமும் கோணமும், மோட்டாரும் ஓட்டுநரும் சேர்ந்த எடையின் மையம் எங்கே போய்ச் சேரும் என்பதை முடிவு செய்துவிடுகின்றன. பிறகு யாராலும் எதுவும் செய்ய இயலாது.

3 மீட்டர் எப்படி 22 செண்டிமீட்டர் ஆகிறது?

இரண்டாவது சோதனை, இறங்குவது. இறக்கத்தின் சரிவோடு மோட்டாரின் சாய்வும் பொருந்த வேண்டும் என்கிறது விளையாட்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மோட்டார் உச்சியில் தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முன்னோக்கிய வேகம் நொடிக்கு 15 மீட்டர். அதாவது மணிக்கு 54 கிலோமீட்டர். அது 3 மீட்டர் கீழே வந்து சேர 0.78 நொடி ஆகும். அப்போது கீழ்நோக்கிய வேகம் நொடிக்கு 7.7 மீட்டர் ஆகியிருக்கும்.

சமதரையில் இறங்கினால் அந்த 7.7 முழுவதையும் தரை தடுத்து நிறுத்த வேண்டும். 3 மீட்டர் உயரத்திலிருந்து நேராகக் கீழே குதித்ததற்குச் சமம் அது. மோட்டோகிராஸ் மோட்டார்களில் அப்சோர்பர் என்று நாம் சொல்லும் அதிர்வுத் தாங்கி ஏறக்குறைய 30 செண்டிமீட்டர் அமுங்கும். 3 மீட்டரில் பெற்ற வேகத்தை 0.3 மீட்டரில் நிறுத்த வேண்டும். 3-ஐ 0.3-ஆல் வகுத்தால் 10. புவியீர்ப்பைப் போல் சராசரியாகப் பத்து மடங்கு எதிர்முடுக்கம்! முதுகெலும்பும் மணிக்கட்டும் அதைத் தாங்க வேண்டும்.

இப்போது சமதரைக்குப் பதிலாக 20 பாகை சரிந்த ஓர் இறக்கத்தில் மோட்டார் இறங்கட்டும். மோட்டார் வரும் திசை என்ன? முன்னோக்கி 15, கீழ்நோக்கி 7.7. படிவம் 3 கணிதத்தில் நீங்கள் படிக்கும் ‘டான்’ விகிதத்தைப் போட்டால் 27 பாகை வரும். மோட்டார் 27 பாகையில் வருகிறது. தரை 20 பாகையில் சரிந்திருக்கிறது. இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 7 பாகை மட்டுமே. மோட்டார் தரையில் மோதுவதில்லை. அதை உரசிக்கொண்டு போகிறது. தரையை நேராகக் குத்தும் வேகம் நொடிக்குச் சுமார் 2.1 மீட்டராகக் குறைந்துவிடுகிறது.

2.1 மீட்டர் வேகம் என்றால் எவ்வளவு உயரத்திலிருந்து குதித்ததற்குச் சமம் தெரியுமா? வெறும் 22 செண்டிமீட்டர். ஒரு படிக்கட்டிலிருந்து இறங்குவது போல!

அதே மோட்டார், அதே வேகம், அதே உயரம். மாறியது தரையின் சரிவு மட்டுமே. மோட்டோகிராஸ் பாதை அமைப்பவர்கள் ஏறும் மேட்டுக்கு எதிரே இறங்கும் சரிவையும் கட்டுவது இதனால்தான்.

சரிவான இடத்தில் இறங்கினால் மட்டும் போதாது. மோட்டாரும் அதே அளவு சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தரையைத் தொட்டு, சுமையைப் பகிர்ந்துகொள்ளும். முன்சக்கரம் மட்டும் முதலில் குத்தினால் பின்பக்கம் எழும்பி, ஓட்டுநர் கைப்பிடிக்கு மேலே தூக்கி வீசப்படுவார். எக்சைட்பைக் இதைச் சரியாகவே சொல்கிறது. இரண்டாவது சோதனையிலும் தேர்ச்சி!

சூடேறும் எஞ்சின்

விளையாட்டில் இரண்டு வேகங்கள் உண்டு. ஒன்று சாதாரணம், மற்றொன்று ‘டர்போ’. டர்போவை விடாமல் அழுத்தினால் திரையின் கீழே உள்ள வெப்பக் கோடு ஏறிக்கொண்டே போகும். உச்சத்தைத் தொட்டால் மோட்டார் நின்றுவிடும். ஆறும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இதில் பாதி உண்மை. பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் சக்கரத்தை ஓட்டும் வேலையாக மாறுகிறது. மீதி வெப்பமாக வெளியேறுகிறது. எஞ்சினிடம் எவ்வளவு அதிகம் கேட்கிறோமோ அவ்வளவு அதிக வெப்பம். எக்சைட்பைக் வெளிவந்த 1980-களின் தொடக்கத்தில்தான் மோட்டோகிராஸ் மோட்டார்கள் காற்றால் குளிர்வதை விட்டு, ரேடியேட்டரும் நீரும் கொண்டு குளிரும் முறைக்கு மாறத் தொடங்கியிருந்தன. வெப்பம் அன்றைய பந்தய வீரர்களுக்கு உண்மையான தலைவலி.

கற்பனை எது? பாதையில் வரையப்பட்ட அம்புக்குறி ஒன்றின்மேல் ஏறிச் சென்றால் விளையாட்டில் எஞ்சின் உடனே குளிர்ந்துவிடும். நிஜத்தில் வெப்பம் அப்படி மறையாது. அது உலோகத்திலிருந்து நீருக்கும், நீரிலிருந்து காற்றுக்கும் கடந்து போக வேண்டும். அதற்கு நேரம் தேவை.

விளையாட்டு சொல்லும் பெரிய பொய்

கடைசிச் சோதனை, விழுவது. இங்கேதான் விளையாட்டு முழுமையாகத் தோற்கிறது. திரையில் விழுந்தவர் சில நொடிகளில் எழுந்து ஓடிவருகிறார். இழப்பு நேரம் மட்டுமே.

நிஜத்தில் தலை தரையில் படும்போது நடப்பதைப் படிவம் 4 மாணவர்கள் கணத்தாக்கு விசை என்று படிப்பார்கள். நிற்கும் தூரம் குறையக் குறைய விசை ஏறும். மோட்டாரின் வேகத்தை விட்டுவிடுவோம். நின்றுகொண்டிருக்கும் மோட்டாரிலிருந்து ஒருவர் சரிந்து விழுகிறார், தலை 1.5 மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வருகிறது. தலைக்கவசத்தின் உள்ளே இருக்கும் நுரை நசுங்கி, தலையை 2 செண்டிமீட்டரில் நிறுத்துவதாகக் கொள்வோம். 150-ஐ 2-ஆல் வகுத்தால் 75. புவியீர்ப்பைப் போல் 75 மடங்கு.

தலைக்கவசம் இல்லை. தார்ச்சாலை நசுங்காது, மண்டையோடும் நசுங்காது. நிற்கும் தூரம் 2 மில்லிமீட்டர் என்றால் 750 மடங்கு.

பத்து மடங்கு வித்தியாசம். உயிருக்கும் சாவுக்கும் உள்ள வித்தியாசம் சில நேரங்களில் அந்த 2 செண்டிமீட்டர் நுரைதான். காலையில் அப்பாவின் மோட்டாரில் பின்னால் அமர்ந்து பள்ளிக்குப் போகும் நாம், ‘பக்கத்தில்தானே’ என்று தலைக்கவசத்தின் வாரை மாட்டாமல் விடுகிறோம். வார் மாட்டாத கவசம் தலைக்கு முன்பே தரைக்குப் போய்விடும். மேலே போட்ட கணக்கில் மோட்டாரின் வேகத்தைச் சேர்க்கவே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

செய்து பாருங்கள்

சோதனை 1: சுழலும் நாற்காலியில் அமர்ந்து, இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு கனமான புத்தகத்தை ஏந்தி, கைகளை முன்னே நீட்டுங்கள். இப்போது கைகளைச் சட்டென்று வலப்பக்கம் வீசுங்கள். நாற்காலி எந்தப் பக்கம் திரும்புகிறது? அதுதான் காற்றில் முன்பக்கம் எழும்பும் இரகசியம். சுற்றிலும் மேசை, கண்ணாடி இல்லாத இடமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

சோதனை 2: கணினியில் ஓர் அட்டவணையைத் திறந்து, வேகம், உயரம் என இரு பத்திகள் போடுங்கள். முதல் வரியில் வேகம் 7.7, உயரம் 0. ஒவ்வொரு புது வரியிலும் முந்தைய வேகத்திலிருந்து 0.98-ஐக் கழியுங்கள். பிறகு புதிய வேகத்தை 0.1-ஆல் பெருக்கி உயரத்தோடு கூட்டுங்கள். ஒவ்வொரு வரியும் 0.1 நொடி. நீங்களே ஒரு விளையாட்டுக் கருவியாகிவிட்டீர்கள்!

உச்ச உயரம் ஏறக்குறைய 2.65 மீட்டர் வரும். ஆனால் சூத்திரப்படி வர வேண்டியது 3.02 மீட்டர். ஏன் இந்தக் குறை? 0.1 நொடி என்பது பெரிய தாவல். அந்த இடைவெளி முழுவதும் வேகம் மாறவில்லை என்று நாம் எண்ணிக்கொண்டதால் வந்த பிழை அது. இடைவெளியை 60-இல் ஒரு பங்கு நொடியாகக் குறைத்துப் பாருங்கள். விடை 2.96-க்கு நெருங்கிவிடும். விளையாட்டு நிரல் எழுதுபவர்கள் நொடிக்கு எத்தனை முறை கணக்கிடுவது என்று தலையைப் பிய்த்துக்கொள்வது இதற்காகத்தான்.

கடை மூடினாலும்

வேர்ல்ட் ராலியில் நாமே புதிய பாதைகளை வடிவமைத்து நண்பர்களுக்கு அனுப்பலாம். இணையத்தில் அவர்களோடு போட்டியிடலாம். வீ கருவிக்கான அந்த இணையச் சேவையை நிண்டெண்டோ 2014-ஆம் ஆண்டு மே மாதம் நிறுத்தியது. 2019-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் வீ கடையே மூடப்பட்டது. முன்பே பதிவிறக்கம் செய்து வைத்திருப்பவர்கள் இன்றும் தனியாக விளையாடலாம். புதிதாக அந்தக் கடையில் வாங்க வழியில்லை.

ஆனால் அந்த விளையாட்டை ஓட்டிய விதிகளுக்குக் கடையும் தேவையில்லை, கருவியும் தேவையில்லை. தாவும் மோட்டாரிலும், அப்பாவின் மோட்டாரிலும், நீங்கள் அமர்ந்திருக்கும் சுழல் நாற்காலியிலும் அவை இயங்கிக்கொண்டே இருக்கின்றன. ஒரு வித்தியாசம்தான். திரையில் தவறாக இறங்கினால் மறுபடியும் தொடங்கலாம்.

நாளைக் காலை மோட்டாரில் ஏறியதும் முதலில் தலைக்கவசத்தின் வாரை மாட்டுங்கள். பிறகு ‘கிளிக்’ சத்தம் கேட்டதா என்று முன்னால் இருக்கும் அப்பாவையும் கேளுங்கள்.